உலக அரசியலில் எசுத்தோனியா

எசுத்தோனியா வட ஐரோப்பாவில் பால்டிக் கடலின் கிழக்குக் கரையில் அமைந்துள்ள ஒரு குடியரசு ஆகும். 2021 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இதன் மக்கள் தொகை சுமார் 13 இலட்சத்து 30 ஆயிரம். பரப்பளவு ஏறத்தாழ 45,000 சதுர கிலோமீட்டர். கிழக்கே உருசியாவும் தெற்கே லாத்வியாவும் எல்லைகளாக உள்ளன. வடக்கே, கடலுக்கு அப்பால் பின்லாந்து உள்ளது. தலைநகர் தாலின். இயற்கை வளத்தாலோ படை வலிமையாலோ பெரிதாக அறியப்படாத இந்நாடு, மின்னாளுகை, இணையப் பாதுகாப்பு ஆகிய இரு துறைகளிலும் பன்னாட்டுக் கொள்கை உருவாக்கத்தில் தன் அளவுக்கு மிஞ்சிய செல்வாக்கைப் பெற்றுள்ளது. இக்கட்டுரை அச்செல்வாக்கு உருவான விதத்தையும், நெருக்கடிகளின்போது அந்நாட்டின் கொள்கைகள் எவ்வாறு தாக்குப்பிடித்தன என்பதையும் விளக்குகிறது. நாட்டின் புவியியல், மொழி, பண்பாடு ஆகியன இங்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

பின்னணி

எசுத்தோனியா 1918 பெப்ரவரி 24 அன்று விடுதலையை அறிவித்தது. 1920 பெப்ரவரி 2 இல் கையெழுத்தான தார்த்து உடன்படிக்கையின் மூலம் சோவியத் உருசியா அவ்விடுதலையை ஏற்றுக்கொண்டது. ஆனால் இருபது ஆண்டுகளில், 1940 இல், சோவியத் ஒன்றியம் நாட்டைக் கைப்பற்றி இணைத்துக்கொண்டது. 1941 முதல் 1944 வரை நாட்சி செருமனியின் பிடியிலும், அதன்பின் மீண்டும் சோவியத் ஆட்சியிலும் இருந்தது. 1941 சூன் மாதத்தில் சுமார் 10,000 பேரும், 1949 மார்ச்சில் சுமார் 20,000 பேரும் சைபீரியா முதலிய தொலைப் பகுதிகளுக்கு நாடு கடத்தப்பட்டனர். பத்து இலட்சம் அளவே மக்கள் தொகை கொண்ட ஒரு நாட்டில் இவ்வெண்ணிக்கைகள் ஏறக்குறைய ஒவ்வொரு குடும்பத்தையும் தொட்டவை எனலாம்.

இக்காலத்தில் ஒரு விந்தையான நிலை நீடித்தது. ஐக்கிய அமெரிக்கா உட்படப் பல மேற்கு நாடுகள் சோவியத் இணைப்பைச் சட்டப்படி ஏற்கவில்லை. ஆகவே நியூயார்க் நகரிலிருந்த எசுத்தோனியத் துணைத் தூதரகம், தனக்கு மேலே ஓர் அரசாங்கம் இல்லாத நிலையிலும், 1940 முதல் 1991 வரை மூடப்படாமல் இயங்கி வந்தது. ஏர்ன்சுட்டு யாக்சன் என்ற தூதர் 1965 முதல் அதன் தலைவராக இருந்தார். நாடு மீண்டபின் அவரே ஐக்கிய அமெரிக்காவுக்கான தூதராகவும் பணியாற்றினார். நிலப்பரப்பு பறிபோனாலும் ஓர் அரசு வெளிநாட்டில் சட்ட வடிவில் உயிர்வாழ இயலும் என்ற இவ்வனுபவம், பின்னர் 'தரவுத் தூதரகம்' என்ற கருத்து தோன்றியபோது வேறு வடிவில் திரும்பி வந்தது.

1987 இல் தொடங்கிய 'பாடும் புரட்சி' எனப்படும் அறவழி இயக்கமும், 1989 ஆகத்து 23 அன்று தாலின் முதல் வில்னியசு வரை சுமார் 600 கிலோமீட்டர் நீளத்துக்கு மக்கள் கைகோத்து நின்ற 'பால்டிக் வழி'யும் உலகின் கவனத்தை ஈர்த்தன. 1991 ஆகத்து 20 அன்று எசுத்தோனியா தன் விடுதலையை மீட்டது. அதை முதலில் ஏற்றுக்கொண்ட நாடு, இதனினும் சிறிய ஐசுலாந்து ஆகும்.

1990களின் சீர்திருத்தங்கள்

1992 சூன் 20 இல் உரூபிளுக்கு மாற்றாக குரூன் நாணயம் புழக்கத்துக்கு வந்தது. எட்டுக் குரூனுக்கு ஒரு செருமானிய மார்க் என அதன் மதிப்பு நிலைநிறுத்தப்பட்டது. அவ்வாண்டு தேர்தலுக்குப் பின் பிரதமரான மார்ட் லார் அப்போது 32 அகவை நிரம்பியவர், தொழிலால் வரலாற்றாசிரியர். அவரது அரசு தனியார்மயமாக்கல், வணிகத் தடை நீக்கம் ஆகியவற்றை வேகமாகச் செய்தது. 1994 இல் அனைவருக்கும் 26 விழுக்காடு என்ற ஒரே வீத வருமான வரி நடைமுறைக்கு வந்தது. இவை ஓய்வூதியர்களையும் ஆலைத் தொழிலாளர்களையும் கடுமையாகப் பாதித்தன என்பதும் உண்மையே. லார் அரசு 1994 இல் கவிழ்ந்தது. எனினும் பின்வந்த அரசுகள், கட்சி வேறாயினும், நாணயக் கொள்கையையும் வரி அமைப்பின் அடிப்படையையும் நெடுங்காலம் கைவிடவில்லை. கூட்டணி அரசுகள் அடிக்கடி மாறும் நாட்டில் கொள்கை மாறாதிருந்ததே எசுத்தோனியாவின் தனித்தன்மை எனக் கருதப்படுகிறது.

1996 இல் குடியரசுத் தலைவர் லெனார்ட் மெரி அறிவித்த 'புலிப் பாய்ச்சல்' திட்டம் பள்ளிகள் அனைத்துக்கும் கணினியும் இணைய இணைப்பும் அளிப்பதை நோக்கமாகக் கொண்டது. இதை முன்மொழிந்தவர்களுள் அப்போது ஐக்கிய அமெரிக்காவில் தூதராக இருந்தவரும், பின்னாளில் (2006-2016) குடியரசுத் தலைவராக இருந்தவருமான தோமாசு எண்ட்ரிக் இல்வெசு குறிப்பிடத்தக்கவர். 2003 இல் வெளியான இசுக்கைப் மென்பொருளின் நிரலைத் தாலினிலிருந்த எசுத்தோனிய நிரலாளர்களே எழுதினர். ஆனால் அவர்கள் புலிப் பாய்ச்சலுக்கு முன்பே நிரல் எழுதக் கற்றவர்கள் என்பதால், இசுக்கைப்பை அத்திட்டத்தின் விளைவாகக் காட்டுவது பொருந்தாது.

2004 மார்ச் 29 இல் நேட்டோவிலும், அதே ஆண்டு மே 1 இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் எசுத்தோனியா இணைந்தது. 2011 சனவரி 1 முதல் யூரோ நாணயத்தைப் பயன்படுத்துகிறது.

மின்னாளுகைக் கட்டமைப்பு

எசுத்தோனிய மின்னாளுகை மூன்று தூண்களின் மேல் நிற்கிறது. முதலாவது, ஒவ்வொருவருக்கும் வழங்கப்படும் 11 இலக்கத் தனியாள் எண். இரண்டாவது, 2002 முதல் வழங்கப்படும், சில்லு பொதிந்த கட்டாய அடையாள அட்டை. மூன்றாவது, 2001 இல் தொடங்கிய 'எக்சு-ரோடு' எனப்படும் தரவுப் பரிமாற்ற அடுக்கு. 2000 இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று மின்னொப்பத்துக்குக் கைக்கையொப்பத்துக்கு நிகரான தகுதியை அளித்தது. இச்சட்டம் இல்லையேல் மற்ற மூன்றும் வெறும் தொழில்நுட்பமாகவே நின்றிருக்கும்.

எக்சு-ரோட்டைப் பற்றிப் பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணம், அது ஒரு மாபெரும் மையத் தரவுத்தளம் என்பதாகும். உண்மையில் அது நேர் எதிரானது. மக்கள் தொகைப் பதிவேடு, வாகனப் பதிவேடு, நிலப் பதிவேடு, மருத்துவப் பதிவேடு ஆகியன தனித்தனி நிறுவனங்களிடம் தனித்தனி வழங்கிகளில் உள்ளன. ஒரு நிறுவனத்துக்கு மற்றொன்றின் தரவு தேவைப்படின், அது மறையீடு செய்யப்பட்டு, மின்னொப்பமிடப்பட்ட செய்தியாக இணையத்தின் வழியே கேட்கப்படுகிறது. கேட்டவர் யார், எப்போது கேட்டார் என்பன இருபுறமும் பதிவாகின்றன. ஒரு வழங்கி செயலிழந்தால் அதன் சேவை மட்டுமே நிற்கும், மற்றவை இயங்கும். 'ஒரு முறை மட்டும்' என்ற நெறியின்படி, அரசிடம் ஏற்கெனவே உள்ள ஒரு தகவலைக் குடிமகனிடம் மீண்டும் கேட்கக் கூடாது. ஒரே தகவலைத் திரட்ட இரு தரவுத்தளங்கள் அமைப்பதும் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது.

பதிவேடுகளில் தம்மைப் பற்றிய தகவலைப் பார்த்தவர் யார் என்பதைக் குடிமக்கள் அரசு இணையத்தளத்திலேயே காணலாம். காரணமின்றிப் பார்த்த அலுவலர் தண்டனைக்கு உரியவராவார். அரசு குடிமகனைக் காண்பது போலவே குடிமகனும் அரசைக் காண இயல்வதுதான் இவ்வமைப்பின் மீதுள்ள நம்பிக்கைக்கு அடிப்படை எனலாம். இவ்வகை அமைப்புகளைப் பின்பற்ற விழையும் நாடுகள் அட்டையையும் எண்ணையும் எடுத்துக்கொண்டு இப்பகுதியை விட்டுவிடுவது வழக்கமாகியுள்ளது.

எக்சு-ரோட்டின் மூல நிரல் 2016 இல் திறமூல உரிமத்தில் வெளியிடப்பட்டது. அதை மேம்படுத்த எசுத்தோனியாவும் பின்லாந்தும் 2017 இல் ஒரு கூட்டு நிறுவனத்தை ஏற்படுத்தின. ஐசுலாந்து பின்னர் இணைந்தது.

2007 இணையத் தாக்குதல்கள்

தாலினின் நடுப்பகுதியில் 1947 இல் நிறுவப்பட்ட சோவியத் படைவீரர் வெண்கலச் சிலை ஒன்று இருந்தது. உருசிய மொழி பேசுவோருக்கு அது நாட்சிகளை வென்றதன் நினைவு. எசுத்தோனியர் பெரும்பாலோருக்கோ அது அரை நூற்றாண்டு ஆக்கிரமிப்பின் சின்னம். 2007 ஏப்ரல் 26 இரவு அதை இடமாற்றும் பணி தொடங்கியபோது கலவரம் மூண்டது. இரண்டு இரவுகள் நீடித்த அக்கலவரத்தில் ஒருவர் உயிரிழந்தார், நூற்றுக்கணக்கானோர் கைது செய்யப்பட்டனர். சிலை ஏப்ரல் 30 அன்று நகரின் படைவீரர் கல்லறையில் மீண்டும் நிறுவப்பட்டது.

ஏப்ரல் 27 முதல் நாட்டின் இணையக் கட்டமைப்பு தாக்குதலுக்கு உள்ளானது. நாடாளுமன்றம், அமைச்சகங்கள், செய்தித்தாள்கள், இரு பெரிய வங்கிகள் ஆகியவற்றின் இணையத்தளங்கள் இலக்காயின. தொடக்கத்தில் எளிய முறைகளே கையாளப்பட்டன. உருசிய மொழி இணையக் குழுமங்களில் பகிரப்பட்ட கட்டளைகளைத் தனியாட்கள் தம் கணினிகளில் இயக்கினர். பின்னர், தீநிரலால் கைப்பற்றப்பட்டு உலகெங்கும் சிதறிக் கிடந்த ஆயிரக்கணக்கான கணினிகளைக் கொண்டு பரவல் சேவை மறுப்புத் தாக்குதல்கள் நடத்தப்பட்டன. இத்தகைய தாக்குதலில் தரவு எதுவும் திருடப்படுவதில்லை. பொய்யான கோரிக்கைகளால் வழங்கி மூழ்கடிக்கப்பட்டு, உண்மையான பயனருக்கு மறுமொழி அளிக்க இயலாமல் போகிறது. சோவியத் வெற்றி நாளான மே 9 அன்று தாக்குதல் உச்சம் தொட்டது. மொத்தம் சுமார் மூன்று வாரங்கள் நீடித்தது.

நாட்டின் கணினி அவசரகால உதவிக் குழு 2006 இல்தான் தொடங்கப்பட்டிருந்தது. இல்லார் ஆரெலைடு தலைமையிலான அச்சிறு குழு வங்கிகள், இணையச் சேவை வழங்குநர்கள் ஆகியவற்றின் வல்லுநர்களோடு சேர்ந்து பணியாற்றியது. அவர்களுள் பலர் ஏற்கெனவே ஒருவரையொருவர் நேரில் அறிந்திருந்தனர். 2005, 2007 இணையவழித் தேர்தல்களுக்காகச் சேர்ந்து பணியாற்றியமையும் இதற்கு உதவியது. வெளிநாட்டுப் போக்குவரத்தை வடிகட்டுவதே முதன்மையான தற்காப்பாக இருந்தது. அதாவது, நாட்டினுள் சேவைகள் இயங்கும் பொருட்டு எசுத்தோனியா வெளியுலகிலிருந்து தன்னைத் தானே ஓரளவு துண்டித்துக்கொண்டது. இது வெற்றியா தோல்வியா என்பதில் வல்லுநர்கள் இன்றும் ஒத்த கருத்துடையவர்கள் அல்லர். வங்கிச் சேவைகள் சில மணி நேரமே தடைப்பட்டன. ஆனால் என்ன நடக்கிறது என்று உலகுக்குச் சொல்ல வேண்டிய செய்தித்தாள்களின் தளங்களை வெளிநாட்டில் இருந்தோர் காண இயலவில்லை.

தாக்குதலுக்கு உருசிய அரசே பொறுப்பு என எசுத்தோனிய அமைச்சர்கள் சிலர் குற்றஞ்சாட்டினர். உருசியா அதை மறுத்தது. விசாரணைக்கான சட்ட உதவிக் கோரிக்கையையும் ஏற்கவில்லை. இறுதியில், 2008 சனவரியில் எசுத்தோனியாவைச் சேர்ந்த மாணவர் ஒருவர் மட்டுமே தண்டம் விதிக்கப்பட்டார். ஓர் உறுப்பு நாட்டின் மீதான ஆயுதத் தாக்குதலை அனைவர் மீதுமான தாக்குதலாகக் கருதும் நேட்டோவின் 5 ஆம் உறுப்புரை பற்றிப் பேச்சு எழுந்தாலும், அது கோரப்படவில்லை. குண்டு விழாத, எவரும் பொறுப்பேற்காத ஒரு தாக்குதல் அவ்வுறுப்புரைக்குள் அடங்குமா என்பதற்கு அன்று எவரிடமும் விடை இல்லை.

பன்னாட்டு விதிமுறைகளில் பங்கு

அவ்வினாவுக்கு விடை தேடும் பணியைத் தாலினிலேயே நடத்தச் செய்தது எசுத்தோனியாவின் அரசியல் திறன் எனலாம். இணையத் தற்காப்புக்கான நேட்டோ மையம் ஒன்றைத் தாலினில் அமைக்கும் முன்மொழிவை எசுத்தோனியா தாக்குதலுக்குச் சில ஆண்டுகள் முன்பே வைத்திருந்தது. அதை அப்போது பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. 2008 மே மாதத்தில் ஏழு நாடுகள் அதற்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இம்மையத்தின் அழைப்பின் பேரில் பன்னாட்டுச் சட்ட அறிஞர்கள் மைக்கேல் சிமிட் தலைமையில் எழுதிய 'தாலின் கையேடு' 2013 இல் வெளிவந்தது. விரிவான இரண்டாம் பதிப்பு 2017 இல் வந்தது. போர்ச் சட்டங்களும் அரசுப் பொறுப்பு பற்றிய சட்டங்களும் இணையவெளிக்கு எவ்வாறு பொருந்தும் என்பதை அது ஆராய்கிறது. அக்கையேடு எந்த நாட்டையும் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை அன்று. ஆயினும் இத்துறையில் வாதிடும் எவரும், மறுப்பதற்காகவேனும், அதனை எடுத்துக்காட்ட வேண்டியுள்ளது.

2020-2021 காலத்துக்கு எசுத்தோனியா முதன்முறையாக ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையின் நிரந்தரமற்ற உறுப்பினராயிற்று. ஜோர்ஜியா மீதான இணையத் தாக்குதலைப் பற்றி 2020 மார்ச் மாதத்தில் ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம் ஆகியவற்றோடு சேர்ந்து அவையின் மூடிய கூட்டத்தில் எழுப்பியது. 2021 சூன் 29 அன்று, தன் தலைமைக் காலத்தில், இணையப் பாதுகாப்பு குறித்த முதல் முறையான திறந்த விவாதத்தைப் பிரதமர் காயா கல்லாசு தலைமையில் நடத்தியது. தடுப்பதிகாரம் கொண்ட உருசியா அதே மேசையில் அமர்ந்திருந்ததால் தீர்மானம் எதுவும் எதிர்பார்க்கத்தக்கதன்று. பொருள் அவையின் நிகழ்ச்சி நிரலில் ஏறியதே நோக்கமாக இருந்தது.

உள்நாட்டில், தனியார் நிறுவன வல்லுநர்கள் ஓய்வு நேரத்தில் பயிற்சி பெறும் தன்னார்வ இணையத் தற்காப்புப் பிரிவு ஒன்று தேசியத் தற்காப்புச் சங்கத்தின் கீழ் அமைக்கப்பட்டது. 2017 சூன் மாதத்தில் லக்சம்பேர்க்குடன் உலகின் முதல் தரவுத் தூதரக உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி எசுத்தோனியாவின் முக்கியப் பதிவேடுகளின் படிகள் லக்சம்பேர்க்கிலுள்ள தரவு மையத்தில் வைக்கப்படுகின்றன. அவ்வழங்கிகளுக்குத் தூதரகத்துக்கு நிகரான பாதுகாப்பு உண்டு. எசுத்தோனியாவின் இசைவின்றி லக்சம்பேர்க் அலுவலரும் அவற்றை அணுக இயலாது. நாட்டைப் பிறர் கைப்பற்றினாலும், எந்த நிலம் யாருடையது, யார் குடிமகன் என்ற பதிவுகள் அழியா என்பதே இதன் பொருள். பிற நாடுகளில் இது மிகை அச்சமாகத் தோன்றலாம். 1940 ஐ நினைவில் கொண்ட நாட்டில் அவ்வாறு தோன்றுவதில்லை.

2017 அடையாள அட்டைச் சிக்கல்

2007 தாக்குதலே பெரிதும் பேசப்பட்டாலும், கொள்கை அளவில் அதனினும் கடுமையான சோதனை 2017 இல் வந்தது. அவ்வாண்டு ஆகத்து 30 அன்று, செக் குடியரசின் மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாம் கண்டறிந்த ஒரு வழுவை எசுத்தோனிய அரசுக்குத் தெரிவித்தனர். இன்பினியன் நிறுவனச் சில்லுகளில் இருந்த நிரல் நூலகம் ஒன்று, ஆர்.எசு.ஏ. சாவிகளை உருவாக்கும்போது குறிப்பிட்ட வடிவிலமைந்த பகா எண்களையே தேர்ந்தெடுத்தது. ஆர்.எசு.ஏ. முறையின் வலிமை முழுவதும், இரு பெரிய பகா எண்களின் பெருக்குத்தொகையிலிருந்து அவ்விரு எண்களைக் கண்டறிவது நடைமுறையில் இயலாது என்பதில் தங்கியுள்ளது. எண்களின் வடிவம் முன்கூட்டியே தெரிந்தால் தேட வேண்டிய பரப்பு பெரிதும் சுருங்குகிறது. பொதுச் சாவியிலிருந்து தனிச் சாவியைக் கணித்துவிடலாம். 2014 அக்டோபருக்குப் பின் வழங்கப்பட்ட சுமார் 7,50,000 அட்டைகள் இவ்வாறு பழுதுபட்டவை. ஒரு சாவியை உடைக்கப் பல்லாயிரம் டாலர் செலவாகும் என அப்போது மதிப்பிடப்பட்டது. அச்செலவு குறைந்துகொண்டே போகும் என்பதும் தெரிந்தே இருந்தது.

அரசின் முன் இரு வழிகள் இருந்தன. வழுவை மறைத்து அமைதியாகச் சரிசெய்யலாம். அல்லது அறிவித்துவிட்டு விளைவைச் சந்திக்கலாம். அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வரவிருந்தது. ஐரோப்பிய ஒன்றிய அவையின் சுழற்சித் தலைமையும் அவ்வரையாண்டில் எசுத்தோனியாவிடமே இருந்தது; மின்னாளுகையை ஐரோப்பாவுக்கு எடுத்துக்காட்டும் வேளை அது. இருப்பினும் பிரதமர் யூரி இராட்டாசு செப்டம்பர் 5 அன்று, தகவல் கிடைத்த ஒரு வாரத்துக்குள், செய்தியாளர் கூட்டத்தில் வழுவை வெளிப்படையாக அறிவித்தார். பொதுச் சாவிகளின் திறந்த அடைவு மூடப்பட்டது. இணையவழி வாக்களிப்பு கைவிடப்படவில்லை. அத்தேர்தலில் இணையவழி வாக்களித்தோர் எண்ணிக்கை, 1,86,000 என முந்தைய அனைத்துத் தேர்தல்களையும் விஞ்சியது.

இதற்கிடையே, அதே அட்டையில் இருந்த நீள்வட்ட வளைவு மறையீட்டு வசதியைப் பயன்படுத்தும் இற்றைப்படுத்தல் உருவாக்கப்பட்டது. குடிமக்கள் அதைத் தம் வீட்டுக் கணினியிலிருந்தே அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம். ஆய்வாளர்களின் கட்டுரை வெளியானதும், நவம்பர் 3 நள்ளிரவில் இற்றைப்படுத்தப்படாத சான்றிதழ்கள் அனைத்தும் முடக்கப்பட்டன. இற்றைப்படுத்தும் வழங்கிகள் நெரிசலால் திணறின. அலுவலகங்களில் நீண்ட வரிசைகள் நின்றன. மருத்துவர் முதலியோருக்கு முன்னுரிமை அளிக்கப்பட்டது. அதே வகைச் சில்லுகளைப் பயன்படுத்திய வேறு நாடுகளும் இருந்தன. அவற்றில் அட்டையை அன்றாடம் பயன்படுத்துவோர் குறைவு என்பதால் நெருக்கடி அந்த அளவுக்கு உணரப்படவில்லை. சார்ந்திருப்பது கூடும்போது பழுதின் விலையும் கூடுகிறது என்பதற்கு இது எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது.

இணையவழி வாக்களிப்பு

2005 உள்ளாட்சித் தேர்தலில் தொடங்கிய இணையவழி வாக்களிப்பை முதலில் பயன்படுத்தியோர் வாக்களித்தவர்களில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. 2023 மார்ச் நாடாளுமன்றத் தேர்தலில் இது 51 விழுக்காடாகி, முதன்முறையாகத் தாள் வாக்குகளை மிஞ்சியது. வாக்காளர் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி வாக்களிக்கலாம். இறுதி வாக்கே எண்ணப்படும். தாளில் வாக்களித்தால் இணைய வாக்கு நீங்கிவிடும். வற்புறுத்தலுக்கு உள்ளானவர் பின்னர் தம் விருப்பப்படி வாக்களிக்க இது வழிசெய்கிறது. 2014 இல் வெளிநாட்டுக் கணினிப் பாதுகாப்பு அறிஞர் குழு ஒன்று இம்முறையைக் கடுமையாக விமர்சித்து, நிறுத்துமாறு பரிந்துரைத்தது. அரசு நிறுத்தவில்லை, எனினும் பின்வந்த ஆண்டுகளில் சரிபார்ப்பு முறைகள் வலுப்படுத்தப்பட்டன. வாக்காளரின் சொந்தக் கணினியே தீநிரலால் பாதிக்கப்பட்டிருந்தால் என்ன செய்வது என்ற அடிப்படை ஐயம் முழுமையாகத் தீரவில்லை. 2023 முடிவை எதிர்த்துத் தேசியவாதக் கட்சியான எக்ரே தொடுத்த முறையீடுகளை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

உக்ரைன் போர்

2022 பெப்ரவரியில் உருசியா உக்ரைன் மீது படையெடுக்கும் முன்பே எசுத்தோனியா சாவலின் ஏவுகணைகளை உக்ரைனுக்கு அனுப்பியிருந்தது. தன்னிடமிருந்த 155 மிமீ இழுவைப் பீரங்கிகள் அனைத்தையும் தருவதாக 2023 சனவரியில் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் கூட்டாகப் பத்து இலட்சம் பீரங்கிக் குண்டுகள் வழங்க வேண்டும் என்ற கருத்தை முன்வைத்ததும் எசுத்தோனியாவே. அத்திட்டம் 2023 மார்ச்சில் ஏற்கப்பட்டது, ஆனால் குறித்த ஓராண்டுக்குள் இலக்கு எட்டப்படவில்லை. காயா கல்லாசு 2024 திசம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவு உயர் பேராளராகப் பொறுப்பேற்றார்.

2022 ஆகத்தில் எல்லை நகரான நார்வாவில் இருந்த சோவியத் பீரங்கி வண்டி நினைவுச்சின்னம் அகற்றப்பட்டபோது, 2007 இல் நிகழ்ந்தது போன்றே சேவை மறுப்புத் தாக்குதல்கள் தொடர்ந்தன. இம்முறை பெரும்பாலான மக்கள் அதை உணரவே இல்லை. 2025 பெப்ரவரியில் மூன்று பால்டிக் நாடுகளும் உருசிய மின்தொகுப்பிலிருந்து விலகி ஐரோப்பியத் தொகுப்பில் இணைந்தன.

விமர்சனங்கள்

எசுத்தோனியாவைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலும் விடுபடுபவை இரண்டு. முதலாவது, டென்மார்க்கின் டான்சுகே வங்கியின் தாலின் கிளை வழியே 2007 முதல் 2015 வரை சுமார் 200 பில்லியன் யூரோ பாய்ந்ததும், அதில் பெரும்பகுதி ஐயத்துக்குரியது என 2018 இல் வெளியான அறிக்கை கூறியதும் ஆகும். அத்தொகை நாட்டின் ஆண்டு மொத்த உற்பத்தியைப் போல் பல மடங்கு. ஒவ்வொரு தரவுக் கோரிக்கையையும் பதிவு செய்யும் நாட்டில் இது பல ஆண்டுகள் தடையின்றி நடந்தது.

இரண்டாவது, குடியுரிமை. 1992 இல் குடியுரிமைச் சட்டம் 1940 க்கு முந்தைய குடிமக்களையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் மட்டுமே தானாகக் குடிமக்களாக ஏற்றது. சோவியத் காலத்தில் குடியேறியோரும், அங்கேயே பிறந்த அவர்தம் பிள்ளைகளும் எந்நாட்டுக் குடியுரிமையும் அற்றவராயினர். அப்போது மக்கள் தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இந்நிலையில் இருந்தனர். எசுத்தோனிய மொழித் தேர்வில் தேறி குடியுரிமை பெறலாம் என்ற வழி இருந்தது. பலர் பெற்றனர், பலர் உருசியக் குடியுரிமையைத் தேர்ந்தனர். எஞ்சியோர் சாம்பல் நிறக் கடவுச்சீட்டு வைத்துள்ளனர். இவர்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க இயலாது. உள்ளாட்சித் தேர்தலில் மட்டும் வாக்களித்து வந்தனர். 2025 மார்ச்சில் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தம் உருசிய, பெலருசியக் குடிமக்களின் உள்ளாட்சி வாக்குரிமையை நீக்கியது. குடியுரிமையற்றோர் 2025 அக்டோபர் தேர்தலில் கடைசியாக வாக்களிக்க இடமளிக்கப்பட்டது. பாதுகாப்பு கருதிச் செய்யப்பட்டது என ஆதரவாளர்கள் கூறினர். நாட்டில் பிறந்து, வரி செலுத்தி, அதே அடையாள அட்டையைப் பயன்படுத்துவோரை வாக்குச்சாவடியிலிருந்து விலக்குவது பாதுகாப்பைக் கூட்டுமா குறைக்குமா என்று எதிர்த்தோர் கேட்டனர். உருசிய மொழி பேசுவோரே பெரும்பான்மையாக வாழும் நார்வா நகரத்தில் இத்திருத்தத்தின் தாக்கம் மிகுதி.